நாற்பத்து மூன்றாம் பாடம்

ஜூன் 3, திங்கள்

காலை 10.20க்கு வருகிறேன் என்று சொன்ன எஸ்தர் 10.55க்கு வந்தாள். முப்பத்தொரு வருஷம் கோவில்பட்டி பேருந்து நிலையத்தில் டைம் கீப்பராக உட்கார்ந்து வண்டி வருகிற நேரத்தையும் போகிற நேரத்தையும் எழுதியவன் நான். முப்பத்தைந்து நிமிடம் என்பது எனக்குச் சின்ன விஷயமில்லை. "பஸ் லேட் சார்" என்றாள். எந்த வண்டி என்று கேட்டேன், சொன்னாள். அந்த வண்டி என் காலத்திலேயே அப்படித்தான். சரி, உட்காரு என்றேன்.

எஸ்தர் தூத்துக்குடியில் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை பார்க்கிறாள். உப்பளத்துக்குத் தாய் தகப்பன் விடியுமுன்னே போய்விடுகிற வீடுகளில், பிள்ளைகள் பாதி நாள் பள்ளிக்கூடம் போவதில்லையாம். அவர்களுக்கு மாலை நேரத்தில் டேப்லெட் கொடுத்துப் பாடம் பார்க்க வைக்கிறார்கள். அங்கே சிக்னல் கிடையாது. ஆகவே பாடங்களை முன்கூட்டியே ஏற்றிக் கொடுக்க வேண்டும். கணக்குக்கு அவர்கள் தேர்ந்தெடுத்திருப்பது செண்பகத்தின் பாடங்களை.

செண்பகவல்லி என் மனைவி. ஒன்றியப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு டீச்சர். கொரோனாவில் பள்ளிக்கூடம் மூடிக் கிடந்தபோது சமையலறையில் நின்று தன் போனிலேயே பாடம் எடுத்து யூடியூபில் போட்டாள். அவள் போய்ச் சேர்ந்து மூன்று வருஷமும் நான்கு மாதமும் ஆகப்போகிறது.

"நாப்பத்து மூணு பாடம் சார். எங்க பிள்ளைகளுக்கு இவ்வளவு பொறுமையா வேற யாரும் சொல்லித் தரலை" என்றாள் எஸ்தர்.

நாற்பத்திரண்டு என்றேன். கடைசி ஒன்று சரியாக வரவில்லை, அதை விட்டுவிடலாம் என்றேன். அவள் குறித்துக்கொள்ளவில்லை.

சம்மதக் கடிதத்தில் நானும் என் மகள் சுபத்ராவும் கையெழுத்துப் போட வேண்டும். இருபத்தைந்தாம் தேதிக்குள். அதற்குள் எல்லாப் பாடத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டு, எதையாவது எடுக்க வேண்டுமென்றால் சொல்லச் சொன்னாள்.

கிளம்பும்போது, "டீச்சருக்கு என்ன சார் ஆச்சு?" என்று கேட்டாள்.

"மாரடைப்பும்மா. வலிக்குன்னு ஒரு வார்த்தை யாருகிட்டயும் வாயத் தொறந்து சொல்லலை. சொல்லியிருந்தா தூக்கிட்டு ஓடியிருப்பேன்."

"சில பேரு அப்படித்தான் சார், எல்லாத்தையும் உள்ளயே வச்சுக்கிடுவாங்க" என்றாள். மோர் கொடுத்தேன். பாதிதான் குடித்தாள்.

ஜூன் 4, செவ்வாய்

தண்ணீர் 6.10க்கு வந்து 6.45க்கு நின்றுவிட்டது. நான்கு குடம்.

செண்பகத்தின் போனை இன்னும் மாதாமாதம் ரீசார்ஜ் செய்கிறேன். பேங்க் ஓடிபி அதில்தான் வரும் என்று கேட்பவர்களிடம் சொல்லியிருக்கிறேன். அவளுடைய பேங்க் கணக்கை முடித்து இரண்டு வருஷம் ஆகிறது.

ஜூன் 6, வியாழன்

பாடம் 1 முதல் 6 வரை பார்த்தேன். இவ்வளவு நாளும் பார்த்ததில்லை. ஒன்றே ஒன்றைத்தான் பார்த்திருக்கிறேன், அதுவும் ஒரே தடவை.

அவள் செய்த கூத்து மறந்தே போயிருந்தது. ஒவ்வொரு பாடமும் வருகைப் பதிவோடுதான் ஆரம்பிக்கும். நிஜமாகவே வகுப்புப் பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு, கேமராவைப் பார்த்து ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவாள். கூப்பிட்டுவிட்டு மூன்று நொடி சும்மா நிற்பாள். அங்கங்கே வீட்டில் இருக்கிற பிள்ளை "உள்ளேன் டீச்சர்" என்று சொல்ல வேண்டுமாம். பிறகு தலையாட்டிவிட்டு அடுத்த பேர். இருபத்தெட்டுப் பேர். "யாருமில்லாத வீட்டுல யாருட்டடீ ஆஜர் எடுக்கே?" என்று கேலி செய்வேன். "அதுக சொல்லுதது எனக்குக் கேக்கும்" என்பாள்.

இப்போது நான் ஒற்றை ஆளாக உட்கார்ந்திருக்கிற இந்த வீட்டில் அவள் பேர் கூப்பிடுகிறாள். "அருள்மொழி" என்கிறாள். மூன்று நொடி. "உச்சிமாகாளி." மூன்று நொடி. அந்த மூன்று நொடியில் எனக்கு மூச்சு விடப் பயமாக இருக்கிறது.

ஜூன் 7, வெள்ளி

பாடம் 7 முதல் 15 வரை. கேஸ் சிலிண்டர் வந்தது.

ஜூன் 9, ஞாயிறு

குக்கர் விசிலடித்தால் அவள் முதலிலிருந்து மறுபடி எடுப்பாள். எதிர்வீட்டு மிக்ஸி ஓடினாலும் அப்படித்தான். ஒரு பாடத்தை ஐந்து தடவை எடுத்ததும் உண்டு. சின்னச் சத்தங்களை மட்டும் விட்டுவிடுவாள். ஆகவே பேருக்கும் பேருக்கும் நடுவில் மூன்று வருஷத்துக்கு முந்தைய வீடு கேட்கிறது. பாடம் 19இல் இரும்பு கேட் கிறீச்சிடுகிறது. அந்த கேட்டை மாற்றியாயிற்று. பாடம் 22இல் பக்கத்து வீட்டு மணி குரைக்கிறது. அந்த நாய் போன ஆடியில் செத்துப்போயிற்று.

பாடம் 26இல் யாரோ தொண்டையைச் செருமிக்கொண்டு கூடத்தில் நடக்கிறார்கள். செருப்பு தேய்கிற சத்தம். யாருடா இது என்று நிஜமாகவே எழுந்து போய்ப் பார்த்தேன். கூடத்தில் ஒருவரும் இல்லை. திரும்பி வந்து உட்கார்ந்த பிறகுதான் அது நான் என்று புரிந்தது. இறந்தவள் பேசுவதைக் கேட்டுப் பயப்படாதவன் என் சத்தத்துக்கே பயந்துவிட்டேன்.

ஜூன் 11, செவ்வாய்

சுபா ஓசூரிலிருந்து போன் செய்தாள். கடித விஷயத்தைச் சொன்னேன்.

"நீங்க பாத்து முடிவு பண்ணுங்கப்பா. நான் கையெழுத்துப் போட்டு அனுப்புதேன்."

"நீயும் ஒருக்கா பாக்கலாம்ல?"

"என்னால முடியாதுப்பா. அம்மா குரலக் கேக்க முடியாது."

"எல்லாம் விதி. ஒரு வார்த்தை அவ சொல்லியிருந்தா…" என்று ஆரம்பித்தேன். எப்போதும் போல அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அப்புறம், "குக்கர் வச்சிருக்கேன்பா, வைக்கேன்" என்றாள். பிற்பகல் மூன்றே முக்காலுக்கு என்ன குக்கரோ.

ஜூன் 12, புதன்

பாடம் 42 வரை முடிந்தது. எல்லாம் நன்றாக இருக்கிறது. வேலை தீர்ந்தது.

ஜூன் 13, வியாழன்

வேலை தீரவில்லை. எஸ்தர் போன் செய்தாள். நாற்பத்து மூன்றில் என்ன குறை என்று கேட்டாள். சத்தம் சரியில்லை என்றேன்.

"பரவாயில்லை சார், எங்க பிள்ளைக அதுலதான் பின்னம் படிக்காங்க. டீச்சர் கடலை மிட்டாயை ஒடச்சு ஒடச்சுக் காட்டுவாங்கல்ல, அது இருந்தாதான் புரியுது. அதைத்தான் நெறைய பேர் பாத்திருக்காங்க. கீழ கமெண்ட் படிச்சுப் பாருங்க சார்."

படித்தேன். நூற்றுக்கணக்கில் இருந்தன. "உள்ளேன் டீச்சர்", "நானும் உள்ளேன் டீச்சர்", "என் பேரையும் கூப்பிடுங்க டீச்சர்". அவள் வகுப்பில் படிக்காத பிள்ளைகள். ஊர் ஊராக. மேலேயே, இரண்டு நாளைக்கு முன் எழுதியது ஒன்று. எழுதியவர் பேர் 'முனியசாமி லோடு ஆட்டோ' என்று இருந்தது.

"டீச்சர் நான் இந்துஜா ஐந்தாம் வகுப்பு அப்பா போனில் பார்க்கிறேன். பின்னம் புரிந்தது. உங்க நெஞ்சு வலி சரியா போச்சா"

யாரோ ஒரு பிள்ளை. பாடம் பார்க்க வந்த இடத்தில், எல்லாரும் விட்டுவிட்ட கேள்வியைக் கேட்டிருக்கிறது. பதில் சொல்லாமல் விட மனசு வரவில்லை. "சரியாகிவிட்டது கண்ணு. நன்றாகப் படி" என்று எழுதி அனுப்பினேன்.

ஜூன் 14, வெள்ளி

பெரிய தவறு செய்துவிட்டேன். நான் எழுதியது அவள் போனில். போனுக்குள் இருப்பது அவள் கணக்கு. ஆகவே என் பதில் அவளுடைய சின்னப் படத்தோடு, 'செண்பகம் டீச்சர்' என்ற பேரில் விழுந்திருக்கிறது.

காலையிலிருந்து போன் சிணுங்கிக்கொண்டே இருக்கிறது. "டீச்சர் பேசிட்டாங்க!" என்று இந்துஜா எழுதியிருக்கிறாள். அதைப் பார்த்து மற்ற பிள்ளைகள். "டீச்சர் அடுத்த பாடம் எப்ப", "டீச்சர் மூணு வருஷமா எங்க போனீங்க", "டீச்சர் இப்ப நான் ஒன்பதாவது, என்னை ஞாபகம் இருக்கா". கடைசியாகக் கேட்டது உச்சிமாகாளி. அவள் வகுப்புப் பையன். சாவுக்கு வந்து கூடத்தில் நின்றவன்.

அவனுக்குத் தெரியும், அவள் இல்லையென்று. தெரிந்துகொண்டே கேட்டிருக்கிறான். போனை அரிசி டப்பாவுக்குள் வைத்து மூடினேன். அதற்குள்ளிருந்தும் சிணுங்கியது.

ஜூன் 15, சனி

சுபா.

"அப்பா, அம்மா சேனல்ல யாரு பதில் போட்டது?"

"கை பட்டுருச்சும்மா. ஏதோ ஒரு பிள்ளை கேட்டுச்சு." பிறகுதான் உறைத்தது. "நீதான் பாக்கமாட்டேன்னியே?"

"வீடியோ பாக்க மாட்டேன். கீழ பிள்ளைக எழுதுததை மட்டும் படிப்பேன். தெனமும்." அப்புறம், "அந்தப் பிள்ளைக்கு எப்படிப்பா தெரியும், அம்மாவுக்கு நெஞ்சு வலின்னு?"

"செத்துப்போனது கேள்விப்பட்டிருக்கும்."

"செத்துட்டாங்கன்னு தெரிஞ்சா சரியா போச்சான்னு எதுக்குக் கேக்கும்?"

அவள் அம்மாவைப் போலத்தான், ஒரு கணக்கைப் பிடித்தால் விடமாட்டாள். காலிங் பெல் அடிக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். எங்கள் வீட்டில் காலிங் பெல் கிடையாது.

ஜூன் 16, ஞாயிறு

எழுதிவிடுகிறேன். இந்த நோட்டை யாரும் படிக்கப் போவதில்லை.

நாற்பத்து மூன்றாம் பாடத்தில், ஒரு நிமிடம் ஐம்பத்திரண்டாம் நொடியில், "பேச்சியம்மாள்" என்று கூப்பிட்டுவிட்டு அவள் நிற்கிறாள். அந்த மூன்று நொடிக்குள் கூடத்திலிருந்து என் குரல் வருகிறது.

"நெஞ்சு வலிக்கு, வலிக்குன்னு காலையில அந்த அழுகை அழுத? இப்ப மணிக்கணக்கா நின்னு கத்துததுக்கு மட்டும் வலிக்கலையாக்கும். வந்து சோத்தப் போடு."

அவள் கதவுப் பக்கம் திரும்பி, "இந்தா வாரேன், அஞ்சு நிமிஷம்" என்கிறாள். பிறகு அடுத்த பேரைக் கூப்பிடுகிறாள்.

இதுதான் உண்மை. காலையில் சொன்னாள். இடது தோளிலிருந்து இறங்குகிறது என்றும் சொன்னாள். வாயுவாக இருக்கும், ஓமத்தண்ணி குடி என்றேன். அன்று பிப்ரவரி ஒன்பது. பதினொன்றாம் தேதி காலை 5.25க்குப் போய்விட்டாள். வந்தவர்கள் கேட்டபோது யாரிடமும் சொல்லவில்லை என்று வாயில் வந்துவிட்டது. ஒருமுறை சொன்னதை மாற்ற முடியவில்லை. டாக்டரிடம் சொன்னேன், சம்பந்தியிடம் சொன்னேன், சுபாவிடம் போன் பேசும்போதெல்லாம் சொன்னேன். மூன்று வருஷத்தில் எனக்கே பாதி உண்மையாகிவிட்டது.

இந்தப் பாடம் டேப்லெட்டில் ஏறினால் ஏறட்டும், உப்பளத்துப் பிள்ளைகளுக்கு என்னைத் தெரியாது. சுபா ஒரு நாள் கேட்டுவிடுவாள் என்பதுதான் என் பயம். எனக்கென்று மிச்சம் இருப்பது அவள் ஒருத்தி.

ஒன்று மட்டும் விளங்கவில்லை. மிக்ஸிச் சத்தத்துக்கே திரும்ப எடுக்கிறவள், இதை ஏன் அப்படியே போட்டாள்? என்னை மாட்டிவைக்க நினைப்பவள் இல்லை அவள். மறுபடி நின்று பேச உடம்பில் தெம்பு இருந்திருக்காது.

ஜூன் 18, செவ்வாய்

கல்யாண வீடியோ போடுகிற ஸ்டூடியோவுக்குப் போனேன். கடைக்காரர் மாடசாமி தெரிந்தவர்தான். ஒரே ஒரு இடத்தில் சத்தத்தை எடுக்க வேண்டும் என்றேன். அந்தப் பிரதியை எஸ்தருக்குக் கொடுத்துவிட்டு, யூடியூபில் இருப்பதை அழித்துவிடலாம் என்று நினைத்திருந்தேன்.

"அதுக்கென்ன அண்ணாச்சி, ரெண்டு நிமிஷ வேலை" என்று ஹெட்போனை மாட்டிக்கொண்டார். அந்த இடம் வந்ததும் அவர் கை மவுஸில் நின்றது. திரும்பி என்னைப் பார்க்கவில்லை. இன்னொரு தடவை ஓட்டிக் கேட்டார். பிறகு வேலையை முடித்துப் பென்டிரைவைக் கையில் கொடுத்தார். எப்போதும் டீ வாங்கிக் கொடுக்காமல் விடமாட்டார். இன்று "சரி அண்ணாச்சி" என்றதோடு சரி.

ஜூன் 19, புதன்

மாடசாமி சுத்தமாகச் செய்திருக்கிறார். என் குரல் இல்லை. ஆனால் பிரயோஜனமில்லை.

சத்தத்தை எடுத்துவிட்ட பிறகு அவள் முகம்தான் மிஞ்சுகிறது. முன்பு ஒரே தடவை பார்த்தபோது என் குரலைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன், அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அன்றைக்கோ நான் கதவுக்கு இந்தப் பக்கம் இருந்தேன். பேச்சியம்மாள் என்கிறாள். நிற்கிறாள். திடீரென்று முகம் சுருங்குகிறது. கை தன்னால் மார்புக்குப் போகிறது, பாதியில் நின்று சேலைத் தலைப்பைச் சரிசெய்வதுபோல் இறங்கிவிடுகிறது. கதவுப் பக்கம் திரும்பி உதடு அசைகிறது. பிறகு கேமராவைப் பார்த்து, பிள்ளைகளுக்காகச் சிரிக்கிறாள். வகுப்பு முன்னால் டீச்சர் வசவு வாங்கிய வெட்கத்தை மறைக்கிற சிரிப்பு.

முப்பத்து நான்கு வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறேன். நான் பேசும்போது அவள் முகம் என்ன ஆகும் என்று இன்றைக்குத்தான் பார்த்தேன். சாப்பிடவில்லை.

ஜூன் 20, வியாழன்

இந்துஜா மறுபடி எழுதியிருக்கிறாள்.

"டீச்சர் ஏன் பேச மாட்டேங்குறீங்க மறுபடி வலிக்குதா. எங்க அம்மா கிட்ட சொன்னேன். நெஞ்சு வலின்னா சும்மா இருக்கக் கூடாது உடனே டாக்டர் கிட்ட போகணும்னு சொல்ல சொன்னாங்க. போங்க டீச்சர்"

ஆட்டோ ஓட்டுகிற வீட்டில் முகம் தெரியாத ஒரு அம்மாவுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. தெரியாமல் இல்லை. எழுந்து சட்டை மாட்டிக்கொண்டு கிளம்பச் சோம்பல். அவ்வளவுதான். இதைவிடக் கேவலமான காரணம் இருந்திருந்தால்கூடத் தேவலை.

பிற்பகல் 2.10க்கு எழுத ஆரம்பித்து 4.30க்கு முடித்தேன். அனுப்பியதை இங்கே அப்படியே எழுதி வைக்கிறேன்.

"இந்துஜா, நான் டீச்சரின் வீட்டுக்காரர் தெய்வநாயகம். போன வாரம் பதில் எழுதியதும் நான்தான். அது பொய். டீச்சருக்கு வலி சரியாகவில்லை. இந்தப் பாடம் எடுத்த மூன்றாம் நாள் இறந்துவிட்டார். பின்னால் சத்தம் போட்டது நான். டீச்சர் என்னிடம் வலி என்று சொன்னார். நான் டாக்டரிடம் கூட்டிப்போகவில்லை. உன் அம்மா சொன்னதுதான் சரி. பிள்ளைகள் எல்லோரும் என்னை மன்னிக்க வேண்டும்."

சுபா தினமும் படிப்பாள் என்று தெரிந்துதான் அனுப்பினேன். அவளிடம் நேரே சொல்ல வாய் வந்திருக்காது.

ஜூன் 21, வெள்ளி

சுபாவிடமிருந்து போன் இல்லை. நான் செய்தேன், எடுக்கவில்லை.

ஜூன் 22, சனி

எடுக்கவில்லை.

ஜூன் 23, ஞாயிறு

காலை 6.40க்கு வாசலில் ஆட்டோ நின்றது. சுபா. ஓசூரிலிருந்து ராத்திரி வண்டி பிடித்து வந்திருக்கிறாள். உள்ளே வந்து பையை வைத்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. திட்டு, அடி, என்ன வேண்டுமானாலும் செய் என்றுதான் நின்றுகொண்டிருந்தேன்.

"அந்தப் பேப்பரை எடுங்கப்பா" என்றாள்.

எடுத்துக் கொடுத்தேன். நான் ஏற்கெனவே போட்டிருந்த கையெழுத்துக்குப் பக்கத்தில் தன்னுடையதைப் போட்டாள். "நாப்பத்து மூணும் இருக்கட்டும். எதையும் வெட்ட வேண்டாம். அம்மா போட்டது அப்படியே இருக்கட்டும்."

சரி என்றேன். "உங்கிட்ட மறைச்சிட்டேம்மா" என்று மட்டும் வந்தது.

பேனாவை மூடிக்கொண்டே இருந்தாள். மூடின பேனாவைத் திறந்து மறுபடி மூடினாள்.

"அந்தப் பாடம் எடுத்த அன்னைக்கு மத்தியானம் மூணு மணி இருக்கும்பா, எனக்குப் போன் பண்ணாங்க. 'நெஞ்சை என்னமோ பண்ணுது சுபா. நான் சொன்னா அப்பா வாயுன்னு சொல்லிருவாரு. நீ சொன்னா கேப்பாரு. ஒரு வார்த்தை சொல்லேன்'னாங்க. ஆபீஸ்ல ஆடிட் நடந்துக்கிட்டிருந்துச்சு. சாயங்காலம் பேசுதேன்மான்னேன்."

நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் எதிரில் உட்கார்ந்தேன்.

"மறந்துட்டேன்பா. மறுநாளும் மறந்துட்டேன். நீங்க ஒவ்வொரு தடவையும், சொல்லியிருந்தா தூக்கிட்டு ஓடியிருப்பேன், ஓடியிருப்பேன்னு சொல்லுவீங்க. அப்ப உங்களுக்கு ஒண்ணும் தெரியாது, நான் சொல்லாததுனாலதான் அம்மா போனாங்கன்னு…" சின்ன வயதில் அழுவது போல வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

நான் என்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சொன்ன பொய் அது. மூன்று வருஷமாக, ஒவ்வொரு போனிலும், அதை எடுத்து என் பிள்ளை தலையில் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறேன். அவளும் வாங்கி வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறாள்.

இப்போது மணி 11.15. சுபா உள்ளே படுத்திருக்கிறாள். தூங்கவில்லை என்று தெரிகிறது. செண்பகத்துக்கு அண்ணன் தம்பி கிடையாது, கூடப் பிறந்தவள் கிடையாது. அவளுக்கென்று இருந்தது நாங்கள் இரண்டு பேர்தான். இரண்டு பேரிடமும் சொல்லியிருக்கிறாள்.